பீட்டர் கேப்ரியலைக் கேட்க எங்கிருந்து தொடங்குவது?

ஒரு பாடகரை முழுதாகக் கேட்டுவிடலாம் என்று உட்கார்ந்தால், முதல் ஆல்பத்தில் தொடங்கி வருட வரிசையில் வருவதுதான் முறை என்று தோன்றும். பீட்டர் கேப்ரியல் விஷயத்தில் தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நான் அப்படித்தான் தொடங்கினேன். அவர் முதலில் பாடிய ஜெனிசிஸ் என்ற ராக் குழு 1969-ல் வெளியிட்ட முதல் ஆல்பத்தை எடுத்தேன், வரிசையாக மூன்று கேட்டேன், இது நமக்கான இசை இல்லை என்று மூடி வைத்துவிட்டேன். அவருடைய மிகச் சிறந்த பாடல்கள் என் காதுக்கு வந்து சேர அதற்குப் பிறகு சில வருடங்கள் ஆயின. அந்த வருடங்கள் உங்களுக்கும் வீணாக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஆள் யார் என்று முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1950-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். சார்ட்டர்ஹவுஸ் பள்ளியில் கூடப் படித்தவர்களோடு 1967-ல் தொடங்கிய ஜெனிசிஸ் குழுவின் பாடகர். நரித்தலை, பூ இதழ் முகமூடி என்று வேஷம் கட்டி மேடையேறியவர். குழு வளர்ந்துகொண்டிருந்த நேரத்தில், 1975-ல், விலகினார். டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த ஃபில் காலின்ஸ் அவர் இடத்தில் பாட வந்தார். கேப்ரியலின் முதல் தனி ஆல்பம் 1977-ல் வந்தது. அதிலிருந்து 2023-ல் வந்த 'ஐ/ஓ' வரை ஸ்டூடியோ ஆல்பங்கள் மொத்தம் பத்து. படங்களுக்குச் செய்த இசையும் மேடைப் பதிவுகளும் தனி.

கேட்கும்போது ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இவர் எதையாவது விட்டுவிட்டுத்தான் அடுத்த இடத்துக்குப் போவார். குழுவை விட்டார். ஆல்பங்களுக்குப் பெயர் வைப்பதை விட்டார். ஒரு ஆல்பத்தில் சிம்பலை, அதாவது டிரம்ஸோடு இருக்கும் உலோகத் தட்டுகளை, விட்டார், இன்னொன்றில் டிரம்ஸையும் கிட்டாரையும் சேர்த்தே விட்டார். ஒவ்வொரு ஆல்பத்தையும் போடும்போது, இந்த முறை எது இல்லை என்று கவனியுங்கள். அந்தக் காலி இடத்தை எதைக் கொண்டு நிரப்பியிருக்கிறார் என்பது தானாகக் காதில் விழும்.

அப்புறம், போன் ஸ்பீக்கரில் கேட்க வேண்டாம். 1977 முதல் இவரோடு பேஸ் கிட்டார் வாசிப்பவர் டோனி லெவின். பாதிப் பாடல்கள் அவர் தோளில்தான் நிற்கின்றன. சின்ன ஸ்பீக்கரில் அந்தப் பாதி கேட்கவே கேட்காது. சுமாரான ஹெட்போன் இருந்தாலும் போதும்.

முதல் படி: ஒரே ஒரு பாட்டு

'சோல்ஸ்பரி ஹில்'. 1977-ல் வந்த முதல் தனி ஆல்பத்தில் இருக்கிறது. சோல்ஸ்பரி ஹில் என்பது பாத் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு குன்று. அதன் மேல் ஏறி நின்று கீழே நகரத்தின் வெளிச்சத்தைப் பார்க்கும் ஒருவன், இருக்கும் இடத்தை விட்டுக் கிளம்பத் துணிகிறான். ஜெனிசிஸை விட்டு வந்ததைத்தான் பாடுகிறார்.

முதல் தடவை சும்மா கேளுங்கள். லேசான, சந்தோஷமான பாட்டாகத் தெரியும். இரண்டாம் தடவை தொடையில் தாளம் போட்டுப் பாருங்கள். நாலு நாலாக எண்ணினால் தவறிப்போகும். ஏழு ஏழாக எண்ணுங்கள். மிஸ்ர சாபு கேட்டுப் பழகிய காதுக்கு ஏழு புதிதல்ல. ஆனால் இங்கே அதன் மேல் ஒரு பேஸ் டிரம் விடாமல் ஒரே சீராக விழுந்துகொண்டிருப்பதால், கால் நடந்துகொண்டே இருக்கிறது, சுற்று மட்டும் ஒரு அடி முன்னதாக முடிந்துவிடுகிறது. அவசரமாகப் படி ஏறுகிற உணர்வு அதிலிருந்து வருகிறது. விட்டுக் கிளம்புகிறவனின் பதற்றம் வரிகளில் இருப்பதைவிடத் தாளத்தில் அதிகம் இருக்கிறது.

இந்தப் பாட்டு பிடிக்கவில்லை என்றால்கூட நிறுத்திவிடாதீர்கள். அடுத்த படி வேறு மாதிரி.

இரண்டாம் படி: 'சோ', முழுதாக, ஒரே மூச்சில்

1986-ல் வந்த 'சோ'தான் வாசல். கனடாக்காரத் தயாரிப்பாளர் டேனியல் லான்வாவோடு சேர்ந்து செய்தது. இவரை உலகம் முழுக்கக் கொண்டுபோன ஆல்பம்.

'ஸ்லெட்ஜ்ஹாம்மர்' உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கலாம். களிமண் உருவங்களும் பழங்களும் முகத்தைச் சுற்றி நகரும் அந்த வீடியோ 1987-ல் எம்டிவி விருதுகளில் ஒன்பதை வாங்கியது. அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தபோது அது கீழே இறக்கியது ஜெனிசிஸின் பாட்டை. ஆனால் வீடியோவை ஒதுக்கிவிட்டு ஒருமுறை காதால் மட்டும் கேளுங்கள். இளம் வயதில் அமெரிக்க சோல் பாடகர் ஓடிஸ் ரெடிங்கை மேடையில் பார்த்து மயங்கியவர் இவர். ரெடிங்கின் பாடல்களுக்கு டிரம்பெட் ஊதிய வெய்ன் ஜாக்சனையே இந்தப் பாட்டுக்கும் வாசிக்க வைத்தார்.

மற்றப் பாடல்களில் நான் சொல்லாமல் விட முடியாதவை மூன்று. 'டோண்ட் கிவ் அப்': வேலை போன ஒருவனின் குரல் ஒரு பக்கம், அவனைத் தேற்றும் கேட் புஷ்ஷின் குரல் மறுபக்கம். 1980-களின் பிரிட்டனில் வேலையில்லாத் திண்டாட்டம் எப்படி இருந்தது என்று தெரிந்துகொண்டு கேட்டால், அவன் குரலில் இருக்கும் கூச்சம் புரியும். 'மெர்சி ஸ்ட்ரீட்': அமெரிக்கக் கவிஞர் ஆன் செக்ஸ்டனின் எழுத்திலிருந்து பிறந்தது. கேப்ரியலின் குரலுக்கு அடியிலேயே ஒரு ஸ்தாயி கீழே இன்னொரு கேப்ரியல் பாடிக்கொண்டிருப்பதைக் கவனியுங்கள்; நிழல் கூடவே நடப்பது போல இருக்கும். மூன்றாவது 'இன் யுவர் ஐஸ்'. கடைசியில் செனகல் நாட்டுப் பாடகர் யூசு என்டூர் வோலோஃப் மொழியில் பாட ஆரம்பிக்கும்போது பாட்டின் கூரை திறந்துகொள்ளும். அந்த இடம் வரும்வரை கைபேசியைத் தொடாதீர்கள்.

ஒரு நடைமுறைக் குறிப்பு. 'இன் யுவர் ஐஸ்' பழைய ரெக்கார்டில் இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டு. அதன் பேஸ் ஒலிக்கு ரெக்கார்டின் வெளிவட்டத்தில்தான் இடம் இருந்தது என்பதால் அங்கே வைத்தார்கள். பின்னால் வந்த பதிப்புகளில் கடைசிக்கு மாற்றிவிட்டார்கள். கடைசியில் இருக்கும் பதிப்பையே தேடிக் கேளுங்கள். ஆல்பம் அங்கேதான் முடிய வேண்டும்.

'சோ'வை ஒரு வாரம் வைத்துக் கேட்டுவிட்டு வாருங்கள். அதற்கு முன் அடுத்ததுக்குப் போக வேண்டாம்.

மூன்றாம் படி: பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது

இனி பின்னோக்கிப் போகப் போகிறோம், அங்கே ஒரு சிக்கல் காத்திருக்கிறது. முதல் நான்கு தனி ஆல்பங்களுக்கும் ஒரே பெயர்: 'பீட்டர் கேப்ரியல்'. ஒரு பத்திரிகையின் இதழ்கள் போல, பெயர் அப்படியே இருக்க அட்டை மட்டும் மாறட்டும் என்று நினைத்தார். அதனால் கேட்பவர்கள் அட்டையை வைத்துத்தான் பெயர் சொல்கிறார்கள். மழைத்துளி படிந்த காருக்குள் அவர் உட்கார்ந்திருந்தால் அது 1977, 'கார்'. விரல்களால் படத்தையே கீறிக் கிழிப்பது போல இருந்தால் 1978, 'ஸ்கிராட்ச்'. முகத்தில் ஒரு பக்கம் உருகி வழிந்தால் 1980, 'மெல்ட்'. நான்காவதை, 1982-ல் வந்ததை, அமெரிக்க நிறுவனம் 'செக்யூரிட்டி' என்று பெயர் போட்டு விற்றது. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. தேடும்போது வருடத்தையும் சேர்த்துத் தேடுங்கள், மாறிப்போகாது. மூன்றாவதும் நான்காவதும் ஜெர்மன் மொழியிலும் முழுதாகப் பாடி வெளியானவை. தெரியாமல் அதைப் போட்டுவிட்டுத் திகைக்க வேண்டாம்.

நான்காம் படி: 'மெல்ட்'

என்னைக் கேட்டால் இவருடைய ஆல்பங்களில் இதுதான் உச்சம். 'சோ' இல்லாவிட்டாலும் இந்த ஒன்றுக்காக அவர் பெயர் நிற்கும்.

ஸ்டீவ் லில்லிவைட் தயாரித்தார், ஒலிப்பதிவு ஹியூ பாட்ஜம். இந்த ஆல்பத்தில் சிம்பலே கூடாது என்று கேப்ரியல் சொல்லிவிட்டார். டிரம்ஸ் வாசிப்பவருக்கு இது கையைக் கட்டிப்போட்டது மாதிரி. பாதி நேரம் கை தானாகச் சிம்பலுக்குத்தான் போகும். அந்த வாய்ப்பு இல்லாமல் போனதும் அடி எல்லாம் தோல் மேல் விழுந்தது. கூடவே, பெரிய அறையில் அடித்தது போல ஒலி வீங்கி, அடுத்த நொடியே வெட்டியது போல நின்றுவிடும் ஒரு டிரம்ஸ் சத்தத்தைக் கண்டுபிடித்தார்கள். முதல் பாட்டு 'இன்ட்ரூடர்' அந்தச் சத்தத்தோடுதான் ஆரம்பிக்கிறது. வாசிப்பது யார் தெரியுமா? ஃபில் காலின்ஸ். தன் இடத்தைப் பிடித்தவர் என்ற பேதம் இருவருக்கும் இடையே இல்லை. காலின்ஸ் அதே சத்தத்தை 1981-ல் தன் தனி ஆல்பத்துக்கு எடுத்துக்கொண்டுபோனார். அதற்குப் பிறகு அந்தப் பத்து வருடத்துப் பாடல்களில் பாதி அந்த டிரம்ஸோடுதான் வந்தன. நீங்கள் எத்தனையோ பாடல்களில் கேட்டிருக்கும் சத்தத்தின் பிறந்த வீடு இது.

'இன்ட்ரூடர்' வீட்டுக்குள் இரவில் நுழைகிறவனின் குரலில் பாடப்படுகிறது. 'ஃபேமிலி ஸ்னாப்ஷாட்' ஒரு அரசியல்வாதியைச் சுடக் காத்திருப்பவனின் குரல். 1972-ல் அமெரிக்க அரசியல்வாதி ஜார்ஜ் வாலஸைச் சுட்டவனின் நாட்குறிப்பைப் படித்த பாதிப்பில் எழுதியது. கார் ஊர்வலம் நெருங்க நெருங்க இசை ஏறிக்கொண்டே போகும். துப்பாக்கி வெடித்த பிறகு எல்லாம் அடங்கி, அங்கே ஒரு சின்னப் பையன் தனியாக உட்கார்ந்திருப்பான். அந்தத் திருப்பம் எனக்கு இன்றைக்கும் தொண்டையை அடைக்கிறது. வேஷம் கட்டி ஆடியவர், வேஷத்தைக் கழற்றிய பிறகு குரலாலேயே வேஷம் கட்டுகிறார் என்பதை இந்தப் பாட்டில்தான் நான் புரிந்துகொண்டேன்.

கடைசிப் பாட்டு 'பீக்கோ'. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி அரசை எதிர்த்த ஸ்டீவ் பீக்கோ 1977 செப்டம்பர் 12-ல் போலீஸ் காவலில் இறந்தார். பாட்டின் முன்னும் பின்னும் அந்த நாட்டு மக்கள் பாடும் பதிவுகள் வருகின்றன. இரண்டே தாள அடிகள், பை வாத்தியம் போன்ற ஒரு ஒலி, ஒரு பெயர். ஏழு நிமிடத்துக்கு மேல் நீளம். இதை வேறு வேலை பார்த்துக்கொண்டே கேட்காதீர்கள். இந்தப் பாட்டுக்குக் கடைசியில் மறுபடியும் வருவோம்.

ஐந்தாம் படி: 'செக்யூரிட்டி', அப்புறம் 'பேஷன்'

இரண்டையும் அடுத்தடுத்த நாளில் கேட்கச் சொல்வேன், ஏனென்றால் ஒன்று விதை, இன்னொன்று மரம்.

'செக்யூரிட்டி'யின் முதல் பாட்டு 'த ரிதம் ஆஃப் த ஹீட்'. ஆப்பிரிக்காவில் டிரம்ஸ் ஒலிக்கு நடுவே மாட்டிக்கொண்டு, தன்னை இழந்துவிடுவோமோ என்று பயந்த உளவியலாளர் யுங்கின் அனுபவம் அது. பாட்டு முடியும்போது கானா நாட்டு மரபில் வாசிக்கும் எக்கோமே குழுவின் முழக்கம் வெடித்துக் கிளம்பும். அதே 1982-ல், உலகெங்குமுள்ள இசைக்காரர்களை ஒரே மேடைக்குக் கொண்டுவரும் வோமட் விழாவை இங்கிலாந்தின் ஷெப்டன் மாலெட்டில் தொடங்க உதவினார். முதல் விழாவில் பெரிய நஷ்டம். கடனை அடைக்கப் பழைய ஜெனிசிஸ் நண்பர்கள் அந்த அக்டோபரில் அவரோடு ஒரே ஒரு நாள் மேடையேறினார்கள். விட்டு வந்த வீடு, தேவைப்பட்டபோது கதவைத் திறந்தது.

'பேஷன்' 1989-ல் வந்தது. மார்ட்டின் ஸ்கோர்செஸியின் 'த லாஸ்ட் டெம்ப்டேஷன் ஆஃப் கிரைஸ்ட்' படத்துக்கு அமைத்த இசை. பாடல் வரிகள் இல்லை, பாடகர் தன் வரிகளையே விட்டுவிட்டார். ஆர்மீனிய டுடுக் குழலின் ஏக்கத்தில் தொடங்குகிறது. பாகிஸ்தானிய கவ்வாலி மேதை நுஸ்ரத் ஃபதே அலி கான், யூசு என்டூர், செனகலின் பாபா மால் எல்லோரும் பாடுகிறார்கள். நமக்கு இதில் ஒரு தனிச் சந்தோஷம் உண்டு: சென்னையில் பிறந்த எல். சங்கர் பத்துத் தந்தி கொண்ட தன் இரட்டை வயலினோடு இதில் வாசிக்கிறார். கர்நாடக சங்கீதத்தில் ஊறியவர்கள் 'சோ'வுக்கு முன்னாலேயே 'பேஷன்' கேட்டால்கூடத் தப்பில்லை. படம் பார்த்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. கேப்ரியலின் ரியல் வேர்ல்ட் ரெக்கார்ட்ஸ் இந்த ஆல்பத்தோடுதான் தொடங்கியது. அங்கிருந்து நுஸ்ரத்தின் ஆல்பங்களுக்குப் போகிற வழியும் திறக்கும். போய்விட்டுத் திரும்பி வாருங்கள்.

ஆலன் பார்க்கரின் 'பேர்டி' படத்துக்கு 1985-ல் செய்த இசையும் இருக்கிறது. முந்தைய பாடல்களின் துண்டுகளை எடுத்து மாற்றியமைத்தது. மூலப் பாடல்கள் நன்றாகப் பழகிய பிறகு கேட்டால்தான் சுவை.

ஆறாம் படி: 'அஸ்', 'அப்'

'அஸ்' 1992-ல் வந்தது. திருமணம் முறிந்து, மனநலச் சிகிச்சைக்குப் போய்வந்த காலத்தின் ஆல்பம். தன் மகளோடு பேச்சு அறுந்துபோன வலியில் எழுதிய 'கம் டாக் டு மி' அதன் முதல் பாட்டு. 'பிளட் ஆஃப் ஈடன்'-ல் சினேட் ஓ'கானரின் குரல் கூட வருகிறது. 'ஸ்டீம்' மட்டும் எனக்கு ஒட்டவில்லை, 'ஸ்லெட்ஜ்ஹாம்மர்' சாயலில் இன்னொன்று வேண்டும் என்பதற்காக வந்தது போலத் தோன்றுகிறது. தாண்டிப் போய்விடலாம்.

'அப்' அதற்குப் பத்து வருடம் கழித்து, 2002-ல். எச்சரிக்கை ஒன்று: முதல் பாட்டு 'டார்க்னஸ்' மெல்லிய சத்தத்தில் ஆரம்பிக்கும். கேட்கவில்லையே என்று வால்யூமைக் கூட்டாதீர்கள். திடீரென்று இடி மாதிரி இறங்கும், காது வலிக்கும். சாவு, பயம், வயதாவது என்று கனமான ஆல்பம். மனம் தெளிவாக இருக்கும் நாளில் கேளுங்கள். 'சிக்னல் டு நாய்ஸ்' பாட்டில் நுஸ்ரத்தின் குரல் வருகிறது. ஆல்பம் வெளியாவதற்கு ஐந்து வருடம் முன்பே, 1997-ல், அவர் காலமாகிவிட்டார். அதைத் தெரிந்துகொண்டு அந்தக் குரலைக் கேட்பது வேறு அனுபவம்.

'கார்', 'ஸ்கிராட்ச்' இரண்டையும் இந்த இடத்தில் நுழைத்துக்கொள்ளலாம். முதலாவதில் 'ஹியர் கம்ஸ் த ஃபிளட்' இருக்கிறது. ஆனால் வாத்தியங்கள் அதை மூழ்கடித்துவிட்டன. 1990-ல் வந்த 'ஷேக்கிங் த ட்ரீ' தொகுப்பில் அதையே பியானோவோடு மட்டும் பாடியிருக்கிறார், அதைத் தேடிக் கேளுங்கள். 'ஸ்கிராட்ச்' ராபர்ட் ஃப்ரிப் தயாரித்தது. ஒருமுறை கேட்டால் போதும்.

ஏழாம் படி: ஆர்கெஸ்ட்ராவும் நிலவும்

2010-ன் 'ஸ்கிராட்ச் மை பேக்' முழுக்க மற்றவர்களின் பாடல்கள். டிரம்ஸ் இல்லை, கிட்டார் இல்லை, ஆர்கெஸ்ட்ராவும் குரலும் மட்டும். பால் சைமனின் துள்ளலான 'த பாய் இன் த பபிள்' பாட்டிலிருந்து துள்ளலை முழுதாக எடுத்துவிட்டுப் பாடியிருக்கிறார். அதுவரை தாளத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்த வரிகள் எவ்வளவு பயங்கரமானவை என்று அப்போது தெரியும். மூலத்தை முதலில் கேட்டுவிட்டு உடனே இதைக் கேளுங்கள். 2011-ன் 'நியூ பிளட்'-ல் தன் சொந்தப் பாடல்களை அதே முறையில் செய்தார்.

'ஐ/ஓ' 2023 முழுவதும், பௌர்ணமிக்கு ஒரு பாட்டு என்ற கணக்கில் வந்து, டிசம்பரில் ஆல்பமானது. பன்னிரண்டு பாடல்கள், ஆனால் ஒவ்வொன்றும் இரண்டு விதமாக. 'பிரைட் சைடு' ஒலிக்கலவை ஸ்பைக் ஸ்டென்ட் செய்தது, 'டார்க் சைடு' சாட் பிளேக் செய்தது. புதிதாகக் கேட்பவர்கள் இங்கே குழம்புகிறார்கள். இரண்டையும் ஒரே நாளில் கேட்காதீர்கள். முதலில் பிரைட் சைடு, பாடல்கள் மனதில் பதிந்த பிறகு டார்க் சைடு. 'பிளேயிங் ஃபார் டைம்', அம்மாவை நினைத்து எழுதிய 'அண்ட் ஸ்டில்' இரண்டையும் மட்டுமாவது இரண்டு வடிவிலும் கேட்டுவிடுங்கள். எழுபதைத் தாண்டிய குரல் இவ்வளவு தெளிவாக இருப்பதே ஆச்சரியம்.

எட்டாம் படி: இப்போது ஜெனிசிஸ்

சரி, இப்போது பழைய வீட்டுக்குப் போகலாம். இந்தக் குரல் பழகிவிட்டதால் இனி அங்கே வழி தெரியும். 1973-ன் 'செல்லிங் இங்கிலாந்து பை த பவுண்ட்'-ல் தொடங்குங்கள். துணைக்கு எந்த வாத்தியமும் இல்லாமல் கேப்ரியலின் குரல் மட்டும் ஆல்பத்தைத் திறக்கிறது. பிறகு 1972-ன் 'ஃபாக்ஸ்ட்ராட்', அதில் 'சப்பர்ஸ் ரெடி' மட்டும் சுமார் 23 நிமிடம். அதைத் தனியாக ஒரு மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக 1974-ன் இரட்டை ஆல்பம், 'த லாம்ப் லைஸ் டவுன் ஆன் பிராட்வே'. நியூயார்க்கில் ராயேல் என்ற இளைஞனின் கதை, அவர் குழுவோடு செய்த கடைசி ஆல்பம். கதை புரியவில்லை என்று கவலைப்பட வேண்டாம். 'கார்பெட் கிராலர்ஸ்' பாட்டைக் கேட்டால் போதும், ஏன் அவரால் அங்கே தங்க முடியவில்லை என்பது எனக்கு அதில் கேட்கிறது: குரல் ஏற்கெனவே தனியாக நடக்க ஆரம்பித்துவிட்டது. 1969-ன் முதல் ஆல்பத்தை விருப்பமிருந்தால் மட்டும் கேளுங்கள்.

கடைசிப் படி: மேடை

இரண்டு பதிவுகள். 1994-ல் வந்த 'சீக்ரெட் வேர்ல்ட் லைவ்'-ஐக் கேட்பதோடு நிறுத்தாமல் பாருங்கள். இத்தாலியின் மோடெனாவில் எடுத்தது. ஒரு தொலைபேசிக் கூண்டுக்குள் நின்று 'கம் டாக் டு மி' பாடத் தொடங்கி, ரிசீவர் வயரை இழுத்துக்கொண்டே வெளியே வருவார். எல். சங்கரை இங்கே நேரிலும் பார்க்கலாம்.

இன்னொன்று 1983-ன் 'பிளேஸ் லைவ்'. அதன் கடைசிப் பாட்டு 'பீக்கோ'. மேடையில் அந்தப் பாட்டை அவர் முடிக்கும் முறை இதுதான்: சொற்களற்ற அந்தக் கடைசி மெட்டைக் கூட்டத்திடம் ஒப்படைத்துவிட்டுப் பாடகர் முதலில் இறங்கிப்போவார். அப்புறம் வாத்தியக்காரர்கள் ஒவ்வொருவராகப் போவார்கள். டிரம்ஸ் மட்டும் மிஞ்சி நிற்கும், பிறகு அதுவும் நின்றுவிடும். கூட்டம் பாடிக்கொண்டிருக்கும்.